கல்கத்தா நீதிபதிகள்: தேர்தலிலிருந்து நியமனம் வரை

கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கும் அதற்கு முன்னோடியாக அமைந்த நீதிமன்றங்களுக்கும் நீதிபதிகள் வந்து சேர்ந்த முறையின் வரலாறு 1727-ல் தொடங்குகிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தலைமை நீதிமன்ற நீதிபதிகள் வாக்குப் பெற்றுப் பதவிக்கு வருகிறார்கள். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி எவரும் பொதுமக்கள் வாக்கால் பதவிக்கு வந்ததில்லை. ஆனால் கல்கத்தாவின் முதல் அரச நீதிமன்றத்துக்குத் தலைவரை ஆண்டுதோறும் தேர்தல்தான் தந்தது. நகருக்குத் தெற்கே ஹூக்ளி வளைந்து திரும்பும் கரையிலுள்ள கார்டன் ரீச், அந்தத் தேர்தல் முறை ஒழிந்த பிறகு லண்டனிலிருந்து நியமனம் பெற்று வந்த நீதிபதிகள் வீடு அமைத்துக்கொண்ட பகுதி.

மேயர் நீதிமன்றம்

இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரி சென்னை. கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் வழங்கிய பட்டயத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. மேயரும் 12 ஆல்டர்மன்களும் நகரை நிர்வகித்தார்கள். அவர்களே நீதிமன்றமாகவும் அமர்ந்தார்கள். ஆல்டர்மன்களில் ஆங்கிலேயர் தவிரப் போர்த்துக்கீசியரும் இந்துக்களும் இருந்தனர். மேயர் ஆண்டுதோறும் ஆல்டர்மன்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன்.

1726 செப்டம்பர் 24-ஆம் தேதியிட்ட அரச பட்டயம் இந்த ஏற்பாட்டைச் சில மாறுதல்களோடு சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் பொதுவாக்கியது. ஒரு மேயர், ஒன்பது ஆல்டர்மன்கள். மேயரும் ஏழு ஆல்டர்மன்களும் பிறப்பால் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும். ஆல்டர்மன் பதவி ஆயுளுக்கு உரியது. இடம் காலியானால் மேயரும் மற்ற ஆல்டர்மன்களும் நகரவாசிகளிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். மேயரை ஆண்டுக்கு ஒருமுறை தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். வாக்காளர், வேட்பாளர், நீதிபதி எல்லாம் அந்தப் பத்துப் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் வணிகர்கள். சட்டம் படித்தவர்கள் அரிது. அவர்கள் முன் வந்த வழக்குகளும் பெரும்பாலும் கடன், சரக்கு, உயில், சொத்து பற்றியவை.

இந்தத் தேர்தலுக்குச் சிறிதளவு தன்னுரிமை இருந்தது என்பதற்கு, ஆளுநர்களும் மேயர் நீதிமன்றங்களும் ஓயாமல் மோதிக்கொண்டதே சாட்சி. அதற்கு மருந்தாகத்தான் 1753-ல் புதிய பட்டயம் வந்தது. ஆல்டர்மன்களை இனி ஆளுநரும் அவருடைய ஆலோசனைச் சபையும் நியமிப்பார்கள். மேயர் பதவிக்கு மாநகராட்சி இரண்டு பெயர்களைத் தர, அதில் ஒன்றை ஆளுநர் பொறுக்குவார். தேர்தலின் உருவம் மிஞ்சியது, உயிர் போய்விட்டது. கம்பெனியின் பெரிய அதிகாரி மீது வழக்குத் தொடுப்பவர் கம்பெனியின் சிறிய அதிகாரிகள் முன்னால் நின்று நியாயம் கேட்க வேண்டியதாயிற்று. 1772-73-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுக்கள் வங்காள நிர்வாகத்தை ஆராய்ந்தபோது இந்தக் குறை முகத்தில் அறைந்தது.

மன்னரின் நீதிபதிகள்

1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும் 1774 மார்ச் 26-ஆம் தேதிப் பட்டயமும் மேயர் நீதிமன்றத்தை நீக்கி, வில்லியம் கோட்டை உச்ச நீதிமன்றத்தை நிறுவின. ஒரு தலைமை நீதிபதி, மூன்று நீதிபதிகள். குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள பாரிஸ்டர்களாக இருக்க வேண்டும், மன்னரே நியமிப்பார். தலைமை நீதிபதிக்கு ஆண்டுக்கு 8,000 பவுண்டு, மற்றவர்களுக்கு 6,000 பவுண்டு சம்பளம். பரிசும் அன்பளிப்பும் வாங்கத் தடை. முதல் நால்வர்: தலைமை நீதிபதி எலைஜா இம்பி, ராபர்ட் சேம்பர்ஸ், ஸ்டீஃபன் சீசர் லெமைஸ்டர், ஜான் ஹைட். 1774 அக்டோபரில் அவர்கள் கல்கத்தாவில் இறங்கினார்கள்.

கம்பெனியின் பிடியிலிருந்து நீதிபதியை விடுவிப்பதே நோக்கம். அதில் பாதி நிறைவேறியது. மறுபாதியைத் தடுத்தது பட்டயத்திலிருந்த ஒரு நிபந்தனை: நீதிபதிகள் மன்னரின் விருப்பம் உள்ளவரை பதவியில் இருப்பார்கள். இங்கிலாந்தில் 1701-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, நன்னடத்தை உள்ள வரை நீதிபதியை அரசன் அசைக்க முடியாது. அதே அரசன் கல்கத்தா நீதிபதியை ஒரு கடிதத்தால் திரும்ப அழைக்கலாம். நியமனம் செய்யும் கையைவிட நீக்கும் கைதான் நீதிபதியின் முதுகெலும்பைத் தீர்மானிக்கிறது. இந்த நிபந்தனை 160 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இம்பியின் கதையே இதற்குப் பாடம். தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸும் அவரும் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஹேஸ்டிங்ஸ் மீது ஊழல் குற்றம் சாட்டிய மகாராஜா நந்தகுமார், பழைய பத்திரம் ஒன்றைப் போலியாகத் தயாரித்தார் என்ற வழக்கில் 1775 ஜூனில் விசாரிக்கப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று கூலி பஜாரில் தூக்கிலிடப்பட்டார். கோட்டைக்குத் தெற்கே, கார்டன் ரீச்சுக்குப் போகும் வழியில் உள்ள அந்த இடம் இன்று ஹேஸ்டிங்ஸ் என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. விசாரணையில் நான்கு நீதிபதிகளும் அமர்ந்தார்கள், ஜூரி இருந்தது. ஆனாலும் நட்பின் நிழல் தீர்ப்பை விட்டு விலகவில்லை. சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. காசிஜோரா ஜமீன்தார் வழக்கில் நீதிமன்றத்தின் ஆட்களைத் தடுக்க ஆலோசனைச் சபை சிப்பாய்களை அனுப்பியது. அந்தப் பகை முற்றியிருந்த 1780-ல், ஹேஸ்டிங்ஸ் இம்பிக்குக் கம்பெனியின் சிவில் மேல்முறையீட்டு மன்றமான சதர் திவானி அதாலத்தின் தலைமையையும் கொடுத்தார். மன்னர் நியமித்த தலைமை நீதிபதி கம்பெனியின் தயவில் வகிக்கும் பதவியை ஏற்றது லண்டனில் பெரும் புயலைக் கிளப்பியது. 1782-ல் இம்பி திரும்ப அழைக்கப்பட்டார். நாடாளுமன்றத்தில் அவர் மீது கொண்டுவந்த குற்றச்சாட்டு 1788-ல் தோற்றது.

கார்டன் ரீச்சில் ஜோன்ஸ்

லெமைஸ்டர் 1777-லேயே இறந்துவிட்டார். அந்த நாற்காலி ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காலியாகவே கிடந்தது. அதை வேண்டிக் காத்திருந்தவர் வில்லியம் ஜோன்ஸ்: பாரசீக மொழி இலக்கண ஆசிரியர், பாரிஸ்டர், பெஞ்சமின் ஃபிராங்ளினின் நண்பர். தகுதியில் யாரும் குறை சொல்லவில்லை. குறுக்கே நின்றது அவருடைய அரசியல் கருத்து. அமெரிக்கக் குடியேற்றங்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று வெளிப்படையாகப் பேசினார். ஓர் அறிஞரும் ஒரு குடியானவரும் உரையாடுவதுபோல் 1782-ல் எழுதிய சிறு நூலில் மக்கள் பிரதிநிதித்துவத்துக்காக வாதாடினார். அதை மறுபதிப்புச் செய்த அவருடைய மைத்துனர் மீது அவதூறு வழக்கே வந்தது. லார்டு சான்சலர் தர்லோ நியமனத்துக்கு இசையாமல் ஆண்டுகளைக் கடத்தினார். கடைசியில் ஷெல்பர்ன் பிரபுவின் அமைச்சரவை கவிழ்ந்த வேளையில், 1783 மார்ச்சில், ஆணை வந்தது. மக்கள் வாக்குரிமைக்காக எழுதிய மனிதருக்கு நீதிபதி பதவி கிடைத்தது நண்பர்களின் சிபாரிசால். அந்த அமைப்பில் வேறு வழி இல்லை.

1783 செப்டம்பரில் கல்கத்தா சேர்ந்த ஜோன்ஸ் கார்டன் ரீச்சில் ஆற்றங்கரை வீடு ஒன்றை எடுத்தார். கடலிலிருந்து ஹூக்ளி வழியாக வரும் கப்பல்கள் நகரை எட்டுமுன் காணும் வெள்ளை மாளிகை வரிசை அது. கம்பெனியின் உயர் அதிகாரிகளும் செல்வர்களும் அக்கம்பக்கத்தார். ஜோன்ஸின் அன்றாடத்தை அவர் நண்பரும் பின்னாளில் தலைமை ஆளுநருமான ஜான் ஷோர் பதிவு செய்திருக்கிறார். விடிவதற்குள் நகரிலுள்ள தம் அறைக்கு நடந்தே போய்ச் சேருவார். நீதிமன்றம் கூடும் வரை சமஸ்கிருதமும் அரபியும் சட்டமும் படிப்பார். சூரியன் சாய்ந்த பின் கார்டன் ரீச்சுக்குத் திரும்புவார். இந்துச் சட்டம் பற்றிப் பண்டிதர்கள் சொல்வதை அப்படியே ஏற்க மனமில்லாமல்தான் அவர் சமஸ்கிருதம் கற்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் சம்பளத்தைச் சேர்த்துக்கொண்டு இங்கிலாந்து திரும்பி, எவர் தயவுமின்றி வாழலாம் என்பது அவர் போட்ட கணக்கு. 1794 ஏப்ரல் 27 அன்று, 47-ஆம் வயதில், கல்கத்தாவிலேயே இறந்தார்.

நீதிபதிகளுக்கும் கார்டன் ரீச்சுக்கும் உள்ள தொடர்பு அடுத்த நூற்றாண்டிலும் அறுபடவில்லை. 1842 முதல் 1855 வரை தலைமை நீதிபதியாக இருந்த லாரன்ஸ் பீலும் அங்கே குடியிருந்தார். 1856-ல் அவத் மன்னர் வாஜித் அலி ஷா அரசிழந்து கல்கத்தா வந்து கார்டன் ரீச்சிலுள்ள மட்டியாபுருஜில் தங்கியதும் அப்பகுதியின் முகமே மாறிப்போனது.

உயர் நீதிமன்றமும் இந்தியர்களும்

1861-ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றங்கள் சட்டப்படி, மன்னரின் நீதிமன்றமும் கம்பெனியின் சதர் நீதிமன்றங்களும் ஒன்றாகி, 1862 ஜூலை 1 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றம் பிறந்தது. தலைமை நீதிபதியும் அதிகபட்சம் 15 நீதிபதிகளும் இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு பாரிஸ்டர்கள், மூன்றில் ஒரு பங்கு சிவில் சர்வீஸ் அதிகாரிகள். எஞ்சிய இடங்களில் பத்தாண்டு அனுபவமுள்ள உள்ளூர் வக்கீல்களுக்கும் கதவு திறந்தது. இந்திய நீதிபதிகளின் வரலாறு இந்தக் கதவிலிருந்துதான் தொடங்குகிறது. ராஜா ராம்மோகன் ராயின் மகன் ரமாபிரசாத் ராய் முதலில் நியமிக்கப்பட்டு, இருக்கையில் அமருமுன்பே காலமானார். 1863-ல் சம்புநாத் பண்டிட் அமர்ந்தார். சதர் நீதிமன்றத்தின் ஆவண அறையில் எழுத்தராகத் தொடங்கியவர். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1878-ல் நுழைந்தவர் தி. முத்துசாமி ஐயர்; கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்க்கு வேலை பார்த்த சிறுவன். தேர்தல் நடந்திருந்தால், அன்றைய வாக்குரிமை நிலையில், இந்த இருவருக்கும் இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

மன்னரின் விருப்பம் என்ற நிபந்தனை 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில்தான் விலகியது. 60 வயது வரை பதவி. பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு விசாரித்துப் பரிந்துரைத்தாலன்றி நீக்கம் இல்லை. நீதிபதியின் சுதந்திரத்துக்குக் கிடைத்த மெய்யான அடித்தளம் இதுவே.

மக்கள் வாக்கு என்ற மாற்று வழி

கல்கத்தாவில் நியமன முறை நிலைத்திருந்த காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் எதிர்த்திசையில் நடந்தன. 1832-ல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தலுக்குக் கொண்டுவந்தது. 1846-ல் நியூயார்க் சேர்ந்துகொண்டது. ஆளுநர்களும் சட்டமன்றங்களும் தம் ஆட்களை நீதிபதிகளாக்கியதைக் கண்டு சலித்த மக்களின் தீர்வு அது, காரணம் நியாயமானது. ஆனால் வாக்குக்குப் பணம் வேண்டும். மேற்கு வர்ஜீனியாவில் 2004-ல் ஒரு நிலக்கரி நிறுவனத்தின் தலைவர் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டு ஆதரித்த வேட்பாளர் வென்றார். பின்னர் அதே நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்பளித்தார். அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-ல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. 1940-ல் மிசௌரி கண்ட நடுவழியில் ஒரு குழு மூன்று பெயர்களைத் தரும், ஆளுநர் ஒருவரை நியமிப்பார், பிறகு அவர் நீடிக்கலாமா என்று மக்கள் வாக்களிப்பார்கள். இன்று 38 மாநிலங்கள் தலைமை நீதிமன்றத்துக்கு ஏதோ ஒரு வகைத் தேர்தலை நடத்துகின்றன. 2025 ஏப்ரலில் விஸ்கான்சினில் ஒரே ஓர் இடத்துக்கான போட்டியில் ஏறத்தாழ 10 கோடி டாலர் செலவானது.

குடியரசில்

அரசியல் நிர்ணய சபையில் 1949 மே 24 அன்று நீதிபதிகளை எப்படி நியமிப்பது என்ற கேள்வி விவாதத்துக்கு வந்தது. சென்னை மாகாண உறுப்பினர் பி. போக்கர் சாகிப், தலைமை நீதிபதியின் இசைவு கட்டாயமாக வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அமைச்சரவைக்கு முழு அதிகாரமும் ஆபத்து, சட்டமன்ற ஒப்புதலும் அரசியலை நுழைக்கும், தலைமை நீதிபதிக்குத் தனி மறுப்பதிகாரமும் சரியல்ல என்று கருதி, கலந்தாலோசனை என்ற நடுவழியைக் கொண்டார். அதுவே 124, 217-ஆம் பிரிவுகளில் இடம்பெற்றது.

ஆலோசனை கேட்டுவிட்டு அரசு தன் விருப்பப்படி செய்யலாமா என்ற கேள்வி 1973-ல் வெடித்தது. மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி, கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஏ. என். ராய் இந்தியத் தலைமை நீதிபதியானார். நெருக்கடிநிலையில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் கூட்டமாக இடமாற்றம் செய்யப்பட்டனர். உச்ச நீதிமன்றத்தின் 1981 தீர்ப்பு அரசின் பக்கம் நின்றது. 1993, 1998 தீர்ப்புகள் அதை மாற்றி, மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்தை உருவாக்கின. நாடாளுமன்றம் அமைத்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபர் 16 அன்று நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது.

இன்று கல்கத்தாவின் தலைமை நீதிபதியும் இரு மூத்த நீதிபதிகளும் பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். மாநில அரசின் கருத்தும் உளவுத்துறை அறிக்கையும் சேர்ந்து கோப்பு டெல்லி போகிறது. இந்தியத் தலைமை நீதிபதியும் இரு மூத்தவர்களும் முடிவெடுத்த பின் குடியரசுத் தலைவர் ஆணையிடுகிறார். நீக்குவதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னுக்கு எதிரான தீர்மானம் 2011 ஆகஸ்ட் 18 அன்று மாநிலங்களவையில் நிறைவேற, மக்களவையில் வருமுன் அவர் விலகினார்.

நீக்கம் இவ்வளவு கடினமாக இருப்பது நல்லது. நுழைவாயில் இருட்டாக இருப்பது நல்லதல்ல. கொலீஜியத் தீர்மானங்கள் 2017 அக்டோபர் முதல் வெளியிடப்பட்டாலும், காரணங்கள் பல நேரங்களில் ஒரு வரியைத் தாண்டுவதில்லை. விதிவிலக்காக, 2023 ஜனவரியில் வெளியான சில தீர்மானங்கள் அரசின் ஆட்சேபங்களை விரிவாகவே வெளிப்படுத்தின. சென்னைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரு வழக்கறிஞர் பிரதமரை விமர்சித்த கட்டுரை ஒன்றைப் பகிர்ந்தார் என்பது உளவுத்துறைக் குறிப்பு. அது தகுதிக்குக் குறையாகாது என்றது கொலீஜியம். தர்லோ பிரபு எழுப்பியதும் இதே வகை ஆட்சேபம்தான். அன்று அதைக் கேள்வி கேட்க அமைப்பு எதுவும் இல்லை. அதே மாதம் கல்கத்தாவுக்கான இரு வழக்கறிஞர்களின் பெயர்களும் இரண்டாம் முறையாக வலியுறுத்தப்பட்டன. மீண்டும் வலியுறுத்தப்பட்ட பெயரை அரசு ஏற்றாக வேண்டும் என்பது 1993 தீர்ப்பின் விதி. எத்தனை நாளுக்குள் ஏற்க வேண்டும் என்று அரசியல் சாசனம் காலக்கெடு வைக்கவில்லை.