கல்லறையற்றோர் பாடிய வரலாறு

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவன கல்வெட்டும் செப்பேடுமாம். இலங்கை மலையகத்தில் அவற்றைத் தேடுவோர்க்குத் துரைமாரின் கல்லறைகளே எதிர்ப்படும். 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892-இல் மறைந்தார். கண்டி மகியாவையில் அவர் பெயர் பொறித்த கல் உண்டு. அவருடலை மலையினின்று கண்டிவரை சுமந்து சென்றோர் தோட்டத் தொழிலாளரே. அவர்போன்றோர் புதைக்கப்பட்ட இடங்களைப் புல்லும் தேயிலையும் மூடின.

ஆயினும் அம்மக்கள் சுவடின்றி மறைந்தனர் எனல் பொருந்தாது. கல்லில் எழுத இயலாதோர் நாவினால் எழுதினர். கண்டிச் சீமைக்கு நடந்து வந்த வழியும், கங்காணியிடம் பட்ட கடனும், கொழுந்து மலையின் குளிரும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் லயங்களில் நிலைத்தன. மாசியில் நிகழும் காமன் கூத்திலோ, எரிந்த காமன் ஆண்டுதோறும் உயிர்பெற்று எழுகின்றான்.

தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் 1931-இல் ஹற்றனில் தொழிற்சங்கம் கண்டார். 1936-இல் ஹற்றன் தொகுதியினின்று அரசாங்க சபை புக்கார். அவர் துணைவியார் மீனாட்சியம்மை மக்களறிந்த மெட்டுகளிற் பாடல் இயற்றித் தோட்டக் கூட்டங்களிற் பாடினார். சிறு பிரசுரமாகவும் வெளியிட்டார். புலவர் சிலர் இவற்றைக் கவிதையெனக் கொள்ளத் தயங்குவர். யான் தயங்கேன். சொற்பொழிவுக்கு நில்லாது கலைவோரையும் பாட்டு நிறுத்தும்.

பூண்டுலோயாவை அடுத்த மடக்கும்புரத் தோட்டத்தில் 1914-இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947-இல் தலவாக்கலைத் தொகுதி அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அங்ஙனம் அனுப்பியோரிற் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தன. தொகுதி இருந்தது, வாக்காளர் இலர். 1950-களில் அவர், தேயிலைக்கடியிற் பெயரின்றிப் புதையுண்டோரை நினைந்து ஒரு நெடுங்கவிதை இயற்றினார். அதனை ஆங்கிலத்தில் எழுதியமை பற்றிக் குறைகூறுவாரும் உளர். உரிமையைப் பறித்தோர் படிக்கும் மொழி அதுவன்றோ? பின்னர்ச் சக்தீ பால ஐயா அதனைத் தமிழாக்கினார்.

வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களையும் தேடித் தொகுத்தார். அப்பாடல்களைப் பாடிய மக்களை 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகக் கூறிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்று. 1974-இல் அவ்வெஞ்சியோரையும் சரிபாதியாகப் பங்கிட்டனர். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறுநாட்டுக்கும் உரியராயினர். மலைநாட்டு நிலையங்களில் வழியனுப்ப வந்தோரும் ஏறியிருந்தோரும் கட்டிக்கொண்டு கதறினர். இறந்தோர்க்கென வழங்கிய சொல்லையே எடுத்து, தலைமன்னார் நோக்கிச் சென்ற அந்த வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.