ஜஞ்சவீத்: யாரும் ஏற்காத பெயர்

சூடானின் மேற்கே உள்ள டார்ஃபூரில் 'ஜஞ்சவீத்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஜின் என்றால் பூதம், ஜவாத் என்றால் குதிரை. ஆக, குதிரையேறி வரும் பூதம். நடுவில் 'ஜீம்' என்ற அரபு எழுத்தைச் செருகி, அது ஜி-3 துப்பாக்கி என்பவர்களும் உண்டு. சொல் பிறந்த பிறகு யாரோ உட்கார்ந்து கட்டிய விளக்கமாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் குதிரை, துப்பாக்கி, பயம் என்று வந்தவர்களின் அங்கம் ஒன்றும் அதில் விடுபடவில்லை.

1980களில் அது வழிப்பறிக்காரர்களின் பெயர். 1984இன் வறட்சியில், வடக்கே ஒட்டகம் மேய்த்த அரபுக் குலங்கள் புல்லும் தண்ணீரும் தேடித் தெற்கே இறங்கின. 'அப்பாலா' எனப்படும் இவர்களில் பலருக்கு, ஃபூர், மசாலித் மக்களுக்கு இருந்ததுபோலத் தமக்கென்று குலநிலம் கிடையாது. பக்கத்து சாட் நாட்டுப் போரோ துப்பாக்கியை மலிவாக்கியிருந்தது.

2003 ஏப்ரலில் அரசை எதிர்த்த டார்ஃபூர்க் கலகக்காரர்கள் அங்குள்ள எல் ஃபாஷர் விமான நிலையத்தைத் தாக்கினார்கள். ராணுவத்திலேயே டார்ஃபூர்க்காரர்கள் நிறைய. அவர்களைச் சொந்த ஊரை அடக்க அனுப்பத் தலைநகர் கார்ட்டூமில் இருந்த அரசுக்கு நம்பிக்கையில்லை. அப்பாலா இளைஞர்களிடம் ஆயுதத்தைக் கொடுத்தது. வழிப்பறிக்காரர்களின் பழைய பெயர் இவர்களுக்கு வந்தது. மேலே விமானம் குண்டு போடும். பிறகு குதிரையிலும் ஒட்டகத்திலும் ஆட்கள் வருவார்கள். தானியக் குதிர்கள் எரியும். மலையில் ஒளிந்த கலகக்காரர்களுக்கு ஆப்கானிஸ்தான் மலையின் பெயரான 'தோரா போரா' ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான். எல்லா அரபுக் குலங்களும் சேரவில்லை: தெற்கு ரிசெய்காத் குலத்தின் தலைவர் சயீத் மாதிபோ ஒதுங்கியே நின்றார். சேர்ந்தவர்களில் பெரிய பெயர் மூசா ஹிலால்; அவரோ 'ஜஞ்சவீத்' என்ற பட்டம் தமக்குரியதல்ல என்றார்.

2004 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை ஜஞ்சவீத்தின் ஆயுதத்தைக் களையச் சொல்லித் தீர்மானம் போட்டது. கார்ட்டூம் ஆயுதத்தைக் களையவில்லை, சீருடை மாட்டிவிட்டது. பலர் 'எல்லைக் காவலர்' ஆனார்கள். 2013இல் ஜஞ்சவீத்திலிருந்து வந்த ஹெமெத்தி என்பவரின் தலைமையில் 'விரைவு ஆதரவுப் படை' வந்தது. 2017இல் அதற்கு ஒரு சட்டமும் ஆயிற்று.

2019 ஜூன் 3 அன்று கார்ட்டூமில் ராணுவத் தலைமையகத்தின் முன் அமர்ந்திருந்த போராட்டக்காரர்களை அந்தப் படை சுட்டுத்தள்ளியது. அதன்பின், ராணுவம் பாசறைக்குப் போகட்டும், ஜஞ்சவீத் கலையட்டும் என்று தலைநகரமே முழங்கியது. டார்ஃபூரின் சொல் நைல் கரைக்கு வந்து சேர இத்தனை காலம் பிடித்தது. தூரம் மட்டும் அதற்குக் காரணமில்லை.

2023 ஏப்ரல் 15இல் விரைவு ஆதரவுப் படையும் ராணுவமும் மோதின. ராணுவத் தலைவர் ஜெனரல் புர்ஹான் உடனே அந்தப் படையைக் கலகப்படை என்று அறிவித்துக் கலைத்தார். இன்று ராணுவத்தின் ஆதரவாளர்களே அந்தப் படையை 'ஜஞ்சவீத்' என்று வைகிறார்கள். துப்பாக்கி கொடுத்தது யார் என்ற பேச்சு எழுவதில்லை. போதாக்குறைக்கு, 2024இல் ஹிலால் ராணுவத்தின் பக்கம் நின்றார். 2023இல் டார்ஃபூரின் ஜெனைனா நகரில் விரைவு ஆதரவுப் படையினரால் கொல்லப்பட்ட மசாலித்துகளின் உறவினர்களுக்கோ சொல்லை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஜஞ்சவீத் தலைவர் ஒருவரை 27 குற்றங்களில் குற்றவாளி என்றது. வழக்கு நெடுகிலும் அவர், தாம் அலி முகமது அலி அப்துல் ரஹ்மான் மட்டுமே, 'அலி குஷைப்' என்ற பட்டப்பெயர் தம்முடையதல்ல என்றே வாதாடினார். நீதிபதிகள் அதை ஏற்கவில்லை.