சான்றிதழும் நாற்காலியும்

'தகுதி' என்ற சொல்லைக் கேட்டதுமே நமக்கு ஓர் எச்சரிக்கை உணர்வு வந்துவிடுகிறது. யாரை உள்ளே விடக் கூடாது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அப்புறம் அதற்கேற்ற தகுதியை எழுதிக்கொண்ட வரலாறு நம்முடையது. இதே சொல் இன்னொரு நாட்டில், பள்ளிக்கூட நிர்வாகம் என்கிற சின்ன வட்டத்துக்குள் என்ன வேலை செய்தது என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியராக வேண்டுமானால், பாடம் நடத்திய அனுபவம் மட்டும் போதாது. பெரும்பாலான மாநிலங்களில், நிர்வாகத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்து மேற்பட்டம் வாங்க வேண்டும். அரசிடம் உரிமமும் பெற வேண்டும். இதுல என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பா சரியா என்பதற்கு முன், இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்று கேட்போம்.

தலைமையாசிரியர் என்ற நம் சொல்லுக்குள் ஆசிரியர் இருக்கிறார். ஆங்கிலத்திலும் ஆரம்பத்தில் 'பிரின்சிபல் டீச்சர்' என்றுதான் இருந்தது. பிற்பாடு 'டீச்சர்' உதிர்ந்துபோனது. இந்த உதிர்வுதான் நம் கதை.

சான் டியேகோ நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக இருந்த எல்வுட் கபர்லி 1898இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியியல் கற்பிக்கச் சேர்ந்தார். 1905இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார். 1916இல் வெளியான அவருடைய நிர்வாகப் பாடநூலில் பள்ளி ஒரு தொழிற்சாலையாகிறது, பிள்ளைகள் கச்சாப் பொருளாகிறார்கள். 1911இல் வெளிவந்த டெய்லரின் 'அறிவியல்பூர்வ மேலாண்மை' ஆலையைத் தாண்டிப் பள்ளிக்குள் நுழைந்த காலம் அது. மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூட்டன் நகரக் கண்காணிப்பாளர் ஃபிராங்க் ஸ்பால்டிங் 1913இல் ஒரு கணக்குச் சொன்னார்: மாணவர்கள் கிரேக்கம் 5.9 தடவை ஒப்பிப்பதும் பிரெஞ்சு 23.8 தடவை ஒப்பிப்பதும் ஒரே மதிப்புடையவை. எப்படி? இரண்டுக்கும் ஆகும் செலவு ஒன்றுதான். கிரேக்கம் எதற்கு, பிரெஞ்சு எதற்கு என்ற கேள்வியே அங்கே எழவில்லை. ரேமண்ட் கலஹன் 1962இல் எழுதிய நூல் இந்தத் 'திறன் வழிபாட்டை' விரிவாக அம்பலப்படுத்தியது. பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் படிப்பு இந்தக் கணக்கைத்தான் ஓர் அறிவுத்துறையாக்கியது. அந்த அறிவு ஆசிரியரிடம் இல்லை, நிர்வாகியிடம் மட்டுமே இருக்கிறது என்பதுதான் அதன் உள்கிடக்கை.

அப்படியானால் நாற்காலியில் உட்கார்ந்தது யார்? எல்லா ஃபிளாக் யங் 1862இல் சிகாகோவில் ஆசிரியையாகச் சேர்ந்தவர். 1900இல், ஐம்பத்தைந்து வயதில், ஜான் டூயியிடம் படித்து முனைவர் பட்டம் பெற்றார். 1909இல் சிகாகோ நகரப் பள்ளிகளுக்கே தலைவரானார். ஒரு பெருநகரப் பள்ளி அமைப்புக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். இனி வழி திறந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. கபர்லி போன்ற பேராசிரியர்கள் தம் மாணவர்களைக் கண்காணிப்பாளர் பதவிகளுக்குப் பரிந்துரைத்தார்கள். பரிந்துரைக்கப்பட்டவர்கள் அநேகமாக வெள்ளை ஆண்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவித்தொகையில் படைவீரர்கள் பட்டப்படிப்புகளில் குவிந்தார்கள். 1928இல் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களில் சுமார் 55 விழுக்காட்டினர் பெண்கள். 1978இல் 18 விழுக்காடுதான். இடைப்பட்ட காலத்தில் பெண்கள் பாடம் நடத்த மறந்துவிட்டார்களா என்ன? நாற்காலிக்கு மேலே தொங்கிய பலகைதான் மாறியது.

இதைவிடக் கொடுமையானது தென்மாநிலங்களின் கதை. அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனித் தலைமையாசிரியர். மேற்படிப்பு வேண்டுமென்றால் சொந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் சேர்க்காது. செலவைத் தருகிறோம், வெளி மாநிலத்துக்குப் போ என்றது. மிசூரியின் இந்த ஏற்பாடு 1938இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஆனாலும் வழக்கம் உடனே நின்றுவிடவில்லை. கறுப்பின ஆசிரியர்கள் கோடை விடுமுறைகளில் ரயிலேறி வடக்கே போனார்கள். டீச்சர்ஸ் கல்லூரி போன்ற இடங்களில் படித்தார்கள். பட்டம் வாங்கிட்டு வா என்றார்கள், வாங்கிட்டு வந்தார்கள். கல்வியியலில் முனைவர் பட்டம் படிக்க ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் இடம் கேட்ட ஜார்ஜ் மெக்லாரினை 1948இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே சேர்த்தார்கள். சேர்த்தும், வகுப்பறையை ஒட்டிய பக்க அறையில் உட்காரவைத்தார்கள். நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் அவருக்குத் தனி மேசை. 1950இல் உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

1954இல் பிரவுன் வழக்கின் தீர்ப்பு வந்தது: பள்ளிகளைப் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு விரோதம். பிள்ளைகள் ஒன்றானார்கள், கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. அவற்றின் தலைமையாசிரியர்கள்? கறுப்பின நிர்வாகிக்குக் கீழே வெள்ளை ஆசிரியர் வேலை பார்ப்பதா என்ற கேள்வியின் முன்னால் பட்டமும் உரிமமும் வெறும் காகிதமாகிவிட்டன. வட கரோலினாவில் 1963இல் இருநூறுக்கு மேல் இருந்த கறுப்பின உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் 1970இல் பத்துப் பேருக்குள் சுருங்கிப்போனார்கள். சிலர் உதவியாளர்களாக இறக்கப்பட்டார்கள், சிலர் வெளியேற்றப்பட்டார்கள். 1971இல் அமெரிக்க செனட் குழு இதைப் பற்றித் தனியாகவே விசாரணை நடத்தியது. வேலை பறிபோனவர்களில் பலர் அவர்களது இடத்துக்கு வந்த வெள்ளையர்களைவிட அதிகம் படித்தவர்கள் என்பதை லெஸ்லி ஃபென்விக் 2022இல் வெளிவந்த நூலில் ஆவணங்களோடு நிறுவுகிறார்.

தேர்வு என்பது அதிகாரத்தின் பார்வை என்று ஃபூக்கோ சொன்னது பழகிப்போன மேற்கோளாகிவிட்டது. ஆனால் இங்கே ஒரு திருப்பம் இருக்கிறது: தேர்வில் தேறியவரைப் பார்க்க மறுப்பதும் அதிகாரம்தான். சான்றிதழ் இல்லாதபோது அது கேட்கப்பட்டது, இருந்தபோது கண்டுகொள்ளப்படவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. பள்ளியை நடத்துவது கற்றுக்கொள்ள வேண்டிய வேலைதான். 1996இல் பல மாநிலங்கள் சேர்ந்து நிர்வாகிகளுக்கான பொதுத் தரநிலைகளை எழுதின. 2005இல் ஆர்தர் லெவின் நிர்வாகப் படிப்புகளின் தரத்தைக் கடுமையாகச் சாடினார். பாடத்திட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற இந்த விவாதம் அவசியமானது, ஆனால் பாதிதான். 2020-21இல் அமெரிக்க அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களில் 56 விழுக்காட்டினர் பெண்கள். அந்தக் கதவு ஒருவழியாகத் திறந்துவிட்டது. கறுப்பினத்தவர் 10 விழுக்காடு. கோடையில் ரயிலேறிப் போய்ப் படித்துவந்த அந்தத் தலைமுறைக்கு, ஒரு பள்ளியை ஒரு சமூகத்தின் நடுவே நிறுத்தத் தெரிந்திருந்தது. அந்த அறிவு எந்தப் பாடநூலிலும் ஏறாமலே அவர்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டது. தகுதிப் பட்டியலை யாராவது நீட்டும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்று தீர்மானிப்பவர் யார் என்றும் கேட்டுவைப்போம்.