நாவற்குழிப் பாலமும் இரண்டு ஒக்டோபர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஆனாலும் பாலங்களை விட்டுவிட்டு அதன் வரலாற்றை எழுத முடியாது. இதை விளங்கிக்கொள்ளப் புத்தூர் நல்ல இடம். மேற்கே செம்மண் தோட்டங்களும் நிலாவரைக் கிணறும். கிழக்கே வாதரவத்தை வெளியைத் தாண்டினால் உப்புநீர். வலிகாமம் அங்கே முடிந்துவிடுகிறது. பருத்தித்துறை வீதியால் வடக்கே போய் வல்லைப் பாலத்தைக் கடந்தால் வடமராட்சி. தெற்கே கோப்பாய்–கைதடிப் பாதையாலோ, நாவற்குழிப் பாலத்தாலோ கடந்தால் தென்மராட்சி. குறுக்கே கிடப்பது கடனீரேரி. அதன் தென்பகுதிக்கு உப்பாறு என்று பெயர். பெயரில் மட்டுந்தான் ஆறு.

1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை புகையிரதம் ஓடத் தொடங்கியபோது இந்த நீர்ப்பரப்பை அது நாவற்குழியில் கடந்தது. 1905இல் பாதை கொழும்புடன் இணைந்தது. புகையிலையும் வெங்காயமும், உத்தியோகம் தேடிய இளைஞர்களும், எங்கள் வியாபாரிகளும் இவ்வழியால் தெற்கே போய் வந்தார்கள். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதே அந்தப் பாலத்தின் பொருளாக இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்தப் பொருள் மாறியது. யாழ் நகர முஸ்லிம்களைச் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். சாவகச்சேரி முஸ்லிம்கள் அதே மாதத்தில் முன்னரே அனுப்பப்பட்டிருந்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமாகச் சுமார் 75,000 பேர் வீடிழந்தார்கள்.

சரியாக ஐந்து வருடம். 1995 ஒக்டோபர் 17இல் 'ரிவிரச' நடவடிக்கை ஆரம்பித்து, இராணுவம் அச்சுவேலி, புத்தூர், நீர்வேலிப் பக்கமாக முன்னேறியது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதையும் வெளியேறச் சொல்லிப் புலிகளின் ஒலிபெருக்கிகள் அறிவித்தன. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கான தமிழர்கள் நாவற்குழியில் நெருக்குண்டு நகர்ந்தார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. 1996இல் தென்மராட்சியும் இராணுவத்தின் வசமானபின் வலிகாமத்தவரில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். முஸ்லிம்களோ 2002 போர்நிறுத்தம் வரை காத்திருந்தார்கள். பலர் 2009க்குப் பின்னும் திரும்பவில்லை. புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

பொஸ்னியாவின் மொஸ்டார் நகரில் நெரெட்வா ஆற்றின் மீது உஸ்மானியச் சிற்பி ஹைருத்தீன் 1566இல் கட்டி முடித்த கல்பாலத்தை, 1993 நவம்பர் 9இல் குரோவாசியப் படையினர் எறிகணைகளால் தகர்த்தார்கள். அது மீண்டும் கட்டப்பட்டு 2004 ஜூலையில் திறக்கப்பட்டது. கற்களைச் சேர்த்த வேகத்தில் இரு கரை மனிதர்களைச் சேர்க்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்கும் 2014 ஒக்டோபரில் புகையிரதம் திரும்பி வந்தது. நாவற்குழியில் தண்டவாளம் மீண்டும் நீரைக் கடக்கிறது. ஆனால் 1995ஐப் பேசுகிறவர்கள் 1990ஐ ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நம் எழுத்துகளும் 1995 பக்கம் அதிகம் திரும்பிப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. புத்தூரில் அந்த மழையிரவை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; புத்தளத்தில் அதற்கு ஐந்து வருடம் முந்திய நாளை நினைவில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரின் நினைவும் ஒரே நூலில் அடுத்தடுத்த பக்கங்களில் பதிவாக வேண்டும். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.