நிற்கும் வண்டியும் நில்லா வண்டியும்



சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையிலே புதுச்சத்திரம் என்றோர் ஊர் உண்டு. சேலத்திலிருந்து ஈரோட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையிலே மகுடஞ்சாவடி என்றோர் ஊர் உண்டு. சத்திரமும் சாவடியும் எவை? கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் சென்றவர்கள் இறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஒரு பொழுது தங்கிச் சென்ற இடங்கள். வழிப்போக்கன் நின்றான், அவனுக்குச் சோறு விற்க ஒருவன் வந்தான், லாடம் அடிக்க இன்னொருவன் வந்தான், ஊர் உண்டாயிற்று. மகுடஞ்சாவடியின் மகுடம் எந்த மன்னனுடையது என்று என் வகுப்பில் ஒரு பையன் கேட்டதுண்டு. மன்னனும் இல்லை, மகுடமும் இல்லை. மக்டொனால்டு என்னும் வெள்ளைக்கார அதிகாரியின் பெயரால் வழங்கிய சாவடியை நம் மக்களின் நா மகுடஞ்சாவடி ஆக்கிக்கொண்டது. ரயில்வே ஏடுகளிலோ அது நெடுங்காலம் 'மக்டொனால்ட்ஸ் சவுல்ட்ரி' என்றே இருந்தது. அந்நிலையத்தின் குறியெழுத்துகள் 'டி.சி.' என்று இருப்பதற்குக் காரணம் அதுவே.

எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் ஊர்களின் ஆக்கமும் கேடும் பல வேளைகளில் அதனாலேயே முடிவாகியிருக்கின்றன. நம் சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைக் கொண்டே இதனைக் காட்டலாம் என்று எண்ணுகிறேன்.

தென்னாட்டின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. அதே பாதை மேற்கு நோக்கி நீண்டு 1861இல் சேலத்தை அடைந்தது. 1862இல் மேற்குக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை வழி திறந்தது. சேலத்தை அடைந்தது என்று சொன்னேன். உண்மையில் அடைந்தது சூரமங்கலத்தை. பழைய சேலம் நகரிலிருந்து அது ஏறத்தாழ 3 மைல். சென்னை ரயில்வே கம்பெனியாருக்குக் குறி இரண்டு கடல்களை இணைப்பதில் இருந்தது. சேவராயன் மலையின் மேற்குப் புறமாக இறங்கிய பாதை ஈரோட்டை நோக்கித் திரும்பிற்று. நகரம் கிழக்கே நின்றுவிட்டது. போட்ட முதலுக்கு வட்டி கிடைக்குமென்று அரசாங்கமே உறுதி கூறியிருந்தபடியால், வழியில் உள்ள ஊர்க்காரர்களின் வசதியைக் கம்பெனி பெரிதாகக் கருதவேண்டிய கட்டாயமும் இல்லை. சேலத்துக்காரர்கள் ரயிலேற ஜட்கா வண்டி பிடித்துச் சூரமங்கலம் போனார்கள். நகருக்குள்ளேயே ஒரு நிலையம் கிடைக்க இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

சேலமாவது 3 மைலில் தப்பியது. ராசிபுரமும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் பாதைக்கு முற்றிலும் வெளியே நின்றன. திருச்செங்கோட்டார் இன்றும் சங்ககிரிக்கோ ஆனங்கூருக்கோ சென்றுதான் ரயிலேறுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவ்வூரை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். 1959 முதல் 1962 வரை மத்திய அரசில் போக்குவரத்து அமைச்சராகவும் விளங்கினார். ரயில்வே அவர் இலாகா அன்று என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

இனி பஸ்ஸின் கதைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மோட்டார் பஸ் 1910களில் கால் ஊன்றியது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் தெற்கே வண்டிகள் ஓட்டத் தொடங்கியதும், ஜி.டி. நாயுடு 1920இல் ஒரே பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தொழில் நடத்தியதும் நீங்கள் படித்திருக்கக்கூடியவை. அந்நாளைய பஸ்ஸுக்கு நிலையம் இல்லை. சமிக்ஞைக் கம்பம் இல்லை. ஆள் நிறைந்தால் புறப்படும். கை காட்டினால் நிற்கும். கள்ளிவேலி ஓரத்தில் கூடையோடு நிற்கும் கிழவியையும் ஏற்றிக்கொள்ளும். கூடை மேலே போகும், கிழவி உள்ளே போவாள். ரயிலுக்கு மக்கள் சென்றார்கள். பஸ்ஸோ மக்களிடம் வந்தது. அதன் வலிமை முழுவதும் இந்த ஒன்றிலேதான் இருந்தது.

அவ்வலிமை எத்தகையது என்பதற்கு அன்றைய சேலம் மாவட்டமே சான்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இம்மாவட்டம் பட்ட பாடு கொஞ்சமன்று. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்லப் பாதுகாப்பு ரயில்கள் வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. அவ்வகையில் 2 அடி 6 அங்குல அகலமே உள்ள இரண்டு குறும்பாதைகள் இங்கே இடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் மற்றொன்று. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. சின்னஞ்சிறு எஞ்சின், சின்னஞ்சிறு பெட்டிகள், மெதுவான நடை. பஞ்சத்துக்காக இட்ட பாதை பஞ்சமில்லா ஆண்டுகளில் பிரயாணிகளை நம்பிப் பிழைக்க வேண்டும் அல்லவா? அந்தப் பிரயாணிகளைப் பக்கத்துச் சாலையில் ஓடிய பஸ் வாசலிலேயே வந்து அழைத்துப் போயிற்று. கிருஷ்ணகிரிப் பாதை 1936இல் மூடப்பட்டது. ஓசூர்ப் பாதை 1941இல், உலகப் போரின் நடுவே, மூடப்பட்டது. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே மீண்டும் பாதை வேண்டும் என்று மக்கள் பல்லாண்டு கேட்டு, புதிய அகலப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 2019இல். ஒரு பாதையை மூடுவது எளிது. மீண்டும் பெறுவதற்கு மூன்று தலைமுறை ஆகிறது.

ரயில்வேக்கள் வாளாவிருக்கவில்லை. சாலையும் ரயிலும் போட்டியிடுவதைப் பற்றி மிச்செல், கிர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகள் ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். 1933இல் சிம்லாவில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடிற்று. 1937இல் வெட்ஜ்வுட் குழுவும் இதனைப் பேசிற்று. முடிவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. எந்தத் தடத்தில் யார் ஓட்டலாம் என்பதற்கு உரிமச் சீட்டு, நேரப் பட்டியல், கட்டண வரையறை எல்லாம் ஏற்பட்டன. கை காட்டினால் நின்ற வண்டி அன்றுமுதல் ஏட்டில் ஏறிய வண்டி ஆயிற்று. போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓடிய பஸ்களைப் பற்றி என் தந்தையார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேட்டில் இறங்கித் தள்ளுவதும் டிக்கெட்டில் அடக்கமாம்.

நெடுந்தொலைவுப் பஸ்களுக்கு வருவோம். 1967இல் தமிழக அரசு 75 மைலுக்கு மேற்பட்ட தடங்களையும் எக்ஸ்பிரஸ் தடங்களையும் நாட்டுடைமை ஆக்குவதெனக் கொள்கை வகுத்தது. 1972 முதல் போக்குவரத்துக் கழகங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. சேலத்தில் 1973இல் அண்ணா போக்குவரத்துக் கழகம் அமைந்தது. நெடுந்தூர விரைவுப் பஸ்களுக்கெனத் திருவள்ளுவர் பெயரில் அமைந்த கழகம் 1997இல் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. குறுந்தடங்களில் தனியார் பஸ்களும் நம் பகுதியில் இன்றளவும் நிறைய ஓடுகின்றன.

சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்ச் சாலையில் எக்ஸ்பிரஸ் பஸ் வருவதைப் பார்க்கப் புளிய மரத்தடியில் கூட்டமாக நிற்போம். அது நிற்காது என்பது எங்களுக்குத் தெரியும். நிற்காமல் போவதே அதன் பெருமை என்று நினைத்தோம். புழுதி அடங்கும்வரை அதைப் பற்றியே பேச்சு.

நிற்காமல் போவதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். வழியில் ஒரு பஸ் 30 இடங்களில் நின்று, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் செலவாகுமானால் முக்கால் மணி நேரம் நிற்பதிலேயே கழிந்துவிடும். ரயிலுக்கு இது இன்னும் கடினம். அவ்வளவு பெரிய பாரத்தை வேகம் குறைத்து நிறுத்தி, மறுபடியும் பழைய வேகத்துக்குக் கொண்டுவர நான்கைந்து நிமிடம் போய்விடுகிறது. கோயமுத்தூர் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்பவனிடம் போய், வழியில் முப்பது இடங்களில் நின்று செல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விரைவு வண்டியை நான் பகையாகக் கருதவில்லை.

ஆயினும் நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். சாலை நான்கு வழியாக அகலமாயிற்று. சாலை நல்ல சாலை. அதைக் குறைகூற மாட்டேன். அதன்பின் வண்டிகள் ஊருக்குள் வராமல் மேம்பாலத்தின் மேலேயே போகத் தொடங்கின. பத்தாம் வகுப்பு முடித்த எங்கள் பிள்ளைகள் மேல்வகுப்புக்கு அடுத்த ஊருக்குச் செல்லவேண்டும். மாலை ஐந்தரை மணிக்குமேல் அவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி ஒன்றே ஒன்று. அதுவும் சில நாள் பாலத்தின் மேலே ஓடிவிடும். இரவில் சாலையோரம் பெண்ணை நிற்க வைக்க எந்தத் தகப்பன் ஒப்புவான்? ஓராண்டில் நான்கு பெண்கள் படிப்பை நிறுத்தினார்கள். நால்வரும் என் கையால் மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றவர்கள். ஒருத்தி கணக்கில் மிகக் கெட்டிக்காரி. வண்டிக்காரர்களிடம் முறையிட்டேன். உங்கள் ஊர் எங்கள் நிறுத்தப் பட்டியலில் இல்லை ஐயா என்று மரியாதையாகவே சொன்னார்கள். ஈராண்டு கழித்து ஒரு டவுன் பஸ்ஸின் நேரத்தை 20 நிமிடம் தள்ளிவைத்தார்கள், சிக்கல் தீர்ந்தது. இருபது நிமிடந்தான். அந்த நால்வருக்கு அது பயன்படவில்லை.

இங்கே வரலாற்றின் ஒரு திருப்பத்தைக் காண்கிறோம். எங்கும் நிற்பதனாலே ரயிலை வென்ற பஸ், இன்று தானே ரயிலாக மாறிவிட்டது. 'பைபாஸ் ரைடர்' என்றும், 'ஒன் டு ஒன்' என்றும் கண்ணாடியில் எழுதிக்கொண்டு ஓடுகிறது. ரயிலோ தன் பங்குக்கு மேலும் விரைந்து செல்கிறது. 2023 ஏப்ரலில் சென்னைக்கும் கோயமுத்தூருக்கும் இடையே தொடங்கிய வந்தே பாரத் வண்டிக்கு இடையில் சேலம், ஈரோடு, திருப்பூர் என மூன்றே நிறுத்தங்கள் தந்தார்கள். மகுடஞ்சாவடி வழியே அது செல்கிறது. மகுடஞ்சாவடிக்கு அதனால் கிடைப்பது காற்று.

எனினும் 2013 மே 25ஆம் நாளை நாமக்கல்லார் மறக்கமாட்டார்கள். அன்றுதான் சேலத்திலிருந்து கரூருக்கு 85 கிலோமீட்டர் புதுப்பாதையில் பிரயாணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. சேலத்துக்கு ரயில் வந்து 152 ஆண்டுகள் கழித்து! மல்லூர், ராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, மோகனூர் எல்லாம் நிலையப் பெயர்ப்பலகை பெற்றன. அந்த இடைக்காலத்தில் நாமக்கல் சும்மா இருக்கவில்லை. ரயில் வராத ஊர் லாரியைக் கட்டி ஓட்டக் கற்றுக்கொண்டது; லாரிக்கு உடற்கூடு கட்டும் பட்டறைகளும், எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகளும், முட்டை வணிகமும் அவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளால் பெயர் பெற்றது. ரயில் இல்லாமையே இவற்றுக்கு முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். மழை குறைந்த மண்ணும் அம்மக்களின் விடாமுயற்சியும் உடன் நின்றன.

சிற்றூர் நிலையம் கிடைத்தால் போதாது. அங்கே நிற்கும் வண்டியும் வேண்டும், ஏழைக்குக் கட்டும் கட்டணமும் வேண்டும். 2020இல் கொள்ளைநோயின் பொருட்டு ரயில்கள் நின்றன. மீண்டும் ஓடியபோது பாசஞ்சர் வண்டிகள் பல எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓடின. 10 ரூபாயாக இருந்த குறைந்த கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. 2024 பிப்ரவரியில்தான் பழைய கட்டணம் திரும்பியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அயர்லாந்திலே மேற்குக் கிளேர் ரயில் முதலான நாட்டுப்புறப் பாதைகள் பல இருந்தன. மேற்குக் கிளேர் ரயில் 1961இல் மூடப்பட்டது. பஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 2009இல் டப்ளினுக்கும் கால்வேக்கும் இடையே விரைவுச் சாலை முடிந்ததும், இடையில் எங்கும் நில்லாத பஸ்கள் அங்கே ரயிலோடு போட்டியிட்டன. பழைய சாலையோரச் சிற்றூர்கள் விலகி நின்றன. ஆள் தொகையும் மழையும் மொழியும் வேறு. சிற்றூரான் நிற்கும் இடம் ஒன்றே.

நம் நாட்டில் இதற்கு மாற்றாக இரண்டு செயல்களைக் குறிப்பிடலாம். 1997இல் பஸ் போகாத சிற்றூர்களுக்கு மினி பஸ் திட்டம் வந்தது. 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பெற்றது. நகரப் பஸ் என்பது பெயர்தான்; நம் பக்கத்தில் அது ஓடுவது பெரும்பாலும் சோளக் காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே.

சென்ற மாதம் அத்தகைய பஸ் ஒன்றில் சென்றேன். வழியில் நிறுத்தமே இல்லாத ஓர் இடத்தில், பால் தூக்கோடு ஓர் அம்மாள் கையை நீட்டினார். ஓட்டுநர் நிறுத்தினார். நடத்துநர் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்தார். பிறகு குனிந்து தூக்கை வாங்கி உள்ளே வைத்தார். மேம்பாலத்தின் மேல் எக்ஸ்பிரஸ் ஒன்று எங்களைக் கடந்து போயிற்று.