மருத்துவமனையின் வாயில்

ஊர் விட்டு ஊர் சென்று வாழ்வோர் நோயுற்றால், மருத்துவமனையின் வாயில் தமக்குத் திறக்குமோ திறவாதோ என்று ஐயுறுவது இயல்பு. பிறந்த மண்ணிலேயே அந்த ஐயத்தோடு வாழ்ந்த மக்களின் வரலாறு ஒன்றை இன்று கூற விழைகிறேன்.

அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு ஹில்-பர்ட்டன் சட்டம் நிறைவேறியது. மருத்துவமனைகள் கட்ட மத்திய அரசு பொருளுதவி செய்யவேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆயினும் அதனுள் ஒரு விலக்கு நுழைந்திருந்தது. இரு இனத்தாருக்கும் தனித்தனியே சமமான வசதி இருக்குமாயின், ஒரு மருத்துவமனை ஓரினத்தாரைச் சேர்க்க மறுக்கலாம். தனிமை கிடைத்தது, சமத்துவம் ஏட்டோடு நின்றது. கறுப்பின மக்கள் செலுத்திய வரிப்பணமும் அவர்களுக்குத் திறவாத கட்டடங்களில் செங்கல்லாயிற்று.

வடக்குக் கரோலினாவிலுள்ள கிரீன்ஸ்பரோ நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் இருந்தார். பல்லில் சீழ் வைத்துக் காய்ச்சலுங் கண்ட ஒரு நோயாளியை மருத்துவமனையில் சேர்க்க முயன்றார். இடம் கிடைக்கவில்லை. கறுப்பினத்தாருக்கென்று இருந்த மருத்துவமனையிலோ காத்திருக்க வேண்டியிருந்தது. சீழ் காத்திருக்குமா? 1962-இல் சிம்கின்ஸும் வேறு சில மருத்துவர்களும் நோயாளிகளும் நகரின் இரு மருத்துவமனைகள்மீது வழக்குத் தொடுத்தனர்.

"நாங்கள் தனியார்; அரசியலமைப்பின் சமத்துவ விதி எங்களைக் கட்டுப்படுத்தாது" என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டும் பத்து இலட்சம் டாலருக்கு மேல் அரசுப் பணம் பெற்றவை என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூவர்க்கு இருவர் என்ற பெரும்பான்மையால், அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1964-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.

ஆனால் ஒரு தீர்ப்பினால் எல்லா வாயில்களும் திறந்துவிடவில்லை. மருத்துவமனைக்கு ஒரு வழக்கென்று நடத்தினால் ஒரு தலைமுறையே கழிந்திருக்கும். உண்மையில் பூட்டை உடைத்தது பணமே என்பது என் கருத்து. 1964-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், இனவேற்றுமை காட்டும் நிறுவனத்துக்கு மத்திய அரசின் பணம் இல்லை என்றது. மறு ஆண்டு, முதியோர் மருத்துவச் செலவை அரசே ஏற்கும் மெடிகேர் திட்டம் சட்டமாயிற்று. அது 1966 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வருவதற்குள், பணம் வேண்டும் மருத்துவமனைகள் வேற்றுமையைக் கைவிட்டாக வேண்டும். சுமார் ஆயிரம் பேர் சோதனைக்குப் புறப்பட்டனர். அதிகாரி வரும் நாளில் மட்டும் நோயாளிகளைக் கலந்து படுக்க வைத்த இடங்களும் உண்டு. அங்குப் பணிபுரிந்த கறுப்பின ஊழியர்களே இரகசியமாக உண்மையைத் தெரிவித்தனர். சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் ஆரவாரமின்றி மாறின.

மிசிசிப்பியில் வயிற்றுப்போக்கினாலும் நிமோனியாவினாலும் கறுப்பினக் குழந்தைகள் இறப்பது அதன்பின் விரைந்து குறைந்ததைப் பிற்கால ஆய்வாளர் கண்டனர். உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்த்தால் பிழைக்கக்கூடிய நோய்கள் அவை. எனினும் மருத்துவர்களின் தனி மருத்துவ அறைகளை அரசு இவ்விதியின்கீழ்க் கொண்டுவரவில்லை; அங்கே பழைய வழக்கம் நெடுநாள் நீடித்தது.

கிரீன்ஸ்பரோ வழக்கைத் தொடுத்தவர்களுள் அப்போது எஞ்சியிருந்த ஒரே மருத்துவர் ஆல்வின் பிளவுண்ட். அவரிடம் மருத்துவமனை நிர்வாகம் 2016-இல் மன்னிப்புக் கோரியது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் காலமானார்.