அட்டவணை மாதிரி (பைத்தான்)

அட்டவணை மாதிரி என்பது வரைகலைப் பயனர் இடைமுகத்தில் கட்டங்களாகக் காட்டப்படும் தரவைத் தன்னிடம் வைத்திருந்து, திரையிலுள்ள காட்சிப்பகுதி கேட்கும்போது எடுத்துத் தரும் மென்பொருள் உறுப்பு ஆகும். பைத்தான் மொழியில் இது பெரும்பாலும் கியூட்டி நூலகத்தின் வழியாகப் பயன்படுத்தப்படுகிறது. சேமித்த மதிப்பும் திரையில் தெரியும் எழுத்தும் வெவ்வேறானவை என்பதே இதன் அடிப்படைக் கருத்து.

(தமிழ்க் கணித நூல்களில் அட்டவணையின் நெடுவரிசை "நிரல்" எனப்படும். கணினித் தமிழில் அச்சொல் புரோகிராமைக் குறிப்பதால் இக்கட்டுரையில் கிடைவரிசை, நெடுவரிசை என்ற சொற்களே ஆளப்படுகின்றன.)

வரலாறு

தரவையும் காட்சியையும் பிரிக்கும் முறையை 1979 ஆம் ஆண்டு செராக்சு பார்க் ஆய்வகத்தில், சுமால்டாக் மொழிக்காக, நார்வே நாட்டவரான டிரிக்வே ரீன்சுகாக் வகுத்தார். நார்வேயின் டிரோல்டெக் நிறுவனம் உருவாக்கிய கியூட்டி நூலகத்தில் இம்முறை 2005 இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. பைத்தானிலிருந்து கியூட்டியை அழைக்க ரிவர்பேங்க் நிறுவனத்தின் பைகியூட்டி, பின்னர் 2009 இல் நோக்கியா வெளியிட்ட பைசைடு ஆகிய இணைப்புகள் உள்ளன.

உருப்படியும் பங்குகளும்

ஒரு கட்டத்திலுள்ள தரவு "உருப்படி" எனப்படும். ஓர் உருப்படிக்குப் பல முகங்கள் உண்டு. காட்சிப்பகுதி ஒவ்வொரு முறையும் "இந்தக் கட்டத்தின் இன்ன பங்குக்குரிய மதிப்பு யாது?" என்று மாதிரியைக் கேட்கிறது. பங்குகள் எண்களால் குறிக்கப்படுகின்றன: திரையில் காட்டும் எழுத்துக்கு 0, திருத்துவதற்குரிய மதிப்புக்கு 2, சீரமைவுக்கு 7, தேர்வுக்குறிக்கு 10. 256 முதல் உள்ளவை நிரலாளரின் சொந்தப் பயன்பாட்டுக்கு விடப்பட்டவை. தனக்குத் தொடர்பில்லாத பங்கு கேட்கப்பட்டால் பைத்தான் நிரல் "நன்" என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தர வேண்டும்.

மாதிரியை இரு வழிகளில் அமைக்கலாம். ஆயத்தமாக உள்ள பொது மாதிரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் உருப்படிப் பொருளை உருவாக்கி இட்டால் போதும். சிறிய பட்டியல்களுக்கு இது எளிது. தரவு மிகுதியாயின் அருவ அட்டவணை மாதிரியிலிருந்து ஒரு புதிய வகுப்பைப் பெற்று, கிடைவரிசை எண்ணிக்கை, நெடுவரிசை எண்ணிக்கை, தரவு ஆகியவற்றைத் தரும் மூன்று செயற்கூறுகளை எழுத வேண்டும். அப்போது தரவு பைத்தான் பட்டியலிலேயே இருக்கும், படியெடுக்கத் தேவையில்லை. ஆயினும் தரவுச் செயற்கூறு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு பங்குக்கும் அழைக்கப்படுவதால், அதனுள் கோப்பைத் திறப்பது போன்ற வேலைகளை வைத்தால் திரை தடுமாறும்.

வரிசைப்படுத்தலில் எழும் பிழை

காரைக்கால் மாவட்டத்திலுள்ள சுரக்குடி, நல்லம்பல் ஆகிய ஊர்களும், அண்டையிலுள்ள திருவாரூர் மாவட்டத்து நன்னிலமும் கொண்ட ஒரு நெல் பதிவேட்டைக் கருதுவோம். முறையே 100, 9, 40 மூட்டை எனக் கொள்க (எண்கள் கற்பனையே). இவற்றை எழுத்துச் சரங்களாகச் சேமித்து ஏறுவரிசையில் அடுக்கினால் 100, 40, 9 எனத் தலைகீழாக வரும். முதல் எழுத்துகளான 1, 4, 9 மட்டுமே ஒப்பிடப்படுவதே காரணம். முழு எண்களாகச் சேமித்தால் வரிசை சரியாகும். ஆனால் பொது மாதிரியின் உருப்படியில் காட்டும் பங்கும் திருத்தும் பங்கும் ஒரே மதிப்பையே சுட்டுகின்றன. ஆகவே திரையில் "100 மூட்டை" என்று காட்ட விரும்பினால், வெறும் எண்ணைத் தனிப் பங்கு ஒன்றில் வைத்து, அப்பங்கின்படி வரிசைப்படுத்துமாறு மாதிரிக்குச் சொல்ல வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்ற முறையில் எழுதப்படும் தேதிகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ்ப் பெயர்கள்

ஊர்ப்பெயர்களை அடுக்குவதில் வேறொரு சிக்கல் உண்டு. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி இசுக்கி தரத்தைப் பின்பற்றி, பிற இந்திய எழுத்துகளுக்கு இணையாக அமைக்கப்பட்டது. அதில் ன, நகரத்தை அடுத்து வருகிறது. ற, ரகரத்தை அடுத்து வருகிறது. தமிழ் நெடுங்கணக்கிலோ இவ்விரண்டும் இறுதியில் நிற்பவை. எனவே குறியெண் வரிசையில் நன்னிலம் முந்தி, நல்லம்பல் பிந்தும். அகராதி வரிசையில் நல்லம்பலே முதலில் வரும். புள்ளியின் குறியெண் பெரிதாகையால் "பகல்" என்பதற்குப் பின்னரே "பக்கம்" வரும். இதுவும் அகராதி முறைக்கு மாறானது. நீண்ட பயனாளர் பட்டியலில் பெயர் எதிர்பார்த்த இடத்தில் இல்லாவிடில், பார்ப்பவர் அது பதியப்படவே இல்லை என்று எண்ணக்கூடும். ஒப்பிடும் செயற்கூறை மாற்றி எழுதுவதே இதற்குத் தீர்வு. எழில் நிரலாக்க மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்த ஓப்பன்-தமிழ் நூலகத்தில் அகராதி முறையில் சொற்களை ஒப்பிடும் வசதி உள்ளது.

தேடலிலும் கவனம் தேவை. கோட்டுச்சேரியின் "கோ" என்னும் எழுத்தில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும், இரட்டைக் கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதே பைத்தானின் ஒருங்குறி இயல்பாக்கச் செயற்கூறால் ஒரே வடிவுக்குக் கொண்டுவருவது நல்லது.

பதிலி மாதிரி

மூலத் தரவைக் கலைக்காமல் அடுக்கவும் வடிகட்டவும், மாதிரிக்கும் காட்சிக்கும் இடையே பதிலி மாதிரி ஒன்று வைக்கப்படுகிறது. இங்குதான் மிகக் கேடான பிழை நேர்கிறது. மேற்கண்ட பதிவேட்டை மூட்டை எண்ணிக்கைப்படி அடுக்கினால் திரையின் முதல் வரி நல்லம்பல். மூலப் பட்டியலின் முதல் வரியோ சுரக்குடி. பயனர் நல்லம்பலைத் தேர்ந்து நீக்கச் சொல்லும்போது, நிரல் திரையின் வரி எண்ணையே மூலப் பட்டியலில் பயன்படுத்தினால் சுரக்குடியின் பதிவு எவ்விதப் பிழைச்செய்தியும் இன்றி அழியும். திரையின் சுட்டை மூலச் சுட்டாக மாற்றித் தரும் செயற்கூறு பதிலி மாதிரியிலேயே உள்ளது. நீக்கும் முன் அதனை அழைக்க வேண்டும். நீக்கத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மூல மாதிரி அறிவிக்காவிடில் காட்சிப்பகுதி பழைய நிலையையே நம்பிக்கொண்டிருக்கும்.

பைத்தானுடன் வரும் டிகேஇன்டர் நூலகத்தின் மரக்காட்சியில் இத்தகைய தனி மாதிரி இல்லை. அங்கு மதிப்புகள் காட்சி உறுப்பிலேயே தங்குவதால், மூல மதிப்புகளை நிரலாளர் தனியே ஓர் அகரமுதலி அமைப்பில் வைத்துக்கொள்வது வழக்கம்.